கான்ஸ்டபிளுக்குக் கொத்துக்கறி

கல்கூர்லி
ஆகஸ்ட் 4

எலி,

‘அன்புள்ள’ என்று தொடங்கத்தான் உட்கார்ந்தேன். பேனா மறுத்துவிட்டது.

நேற்று அம்மா அப்பாவின் போனில் அழைத்தாள். கெஞ்சிக் கேட்டு இரண்டு நிமிடம் வாங்கிப் பேசினேன். என் போன் இன்னமும் அவள் அலமாரியில் கம்பளிப் போர்வைக்கு அடியில் சிறைவாசம் அனுபவிக்கிறதாம். அதனால்தான் இந்தக் காகிதப் போர். நாட்டின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குக் கடிதம் வந்து சேர ஒரு வாரம் பிடிக்கும், அதற்குள் இவள் கோபம் ஆறிவிடும் என்று நினைக்காதே. உறையை இறுக்கி ஒட்டியிருக்கிறேன். சூடு குறையாமல் வரும்.

அந்த இரண்டு நிமிடத்தில் அம்மா சொன்னது இது. வேலிக் கம்பத்தில் கறி வைப்பதை நீ நிறுத்திவிட்டாய். கான்ஸ்டபிள் தினமும் விடிந்ததும் எங்கள் சமையலறை ஜன்னலைக் கொத்துகிறான். ஆஸ்பத்திரியில் இரவு வேலை பார்த்துவிட்டு வருகிறவளுக்குத் தூக்கம் போச்சு.

எலி, நான் ஊரைவிட்டுப் புறப்பட்ட அன்று உன்னிடம் ஒரே ஒரு பொறுப்பைக் கொடுத்தேன். என் பூனையையா கொடுத்தேன்? என் கணக்குப் பாடத்தையா கொடுத்தேன்? ஒரு மேக்பை. அதுவும் தானாகவே பறந்து வந்து தின்றுவிட்டுப் போகிற மேக்பை. கறுப்புச் சட்டை, வெள்ளைத் தோள்பட்டை, வேலியின் மேல் காலையும் மாலையும் ரோந்து. மாமூல் கொடுத்தால் சிநேகம், கொடுக்காவிட்டால் மண்டையில் ஒன்று. இவனுக்குக் கான்ஸ்டபிள் என்று பெயர் வைக்காமல் வேறு என்ன வைப்பது? மூன்று வருடமாக ஒரு நாள் தவறாமல் மாமூல் கட்டியவள் நான். இப்போது பார்த்து, பெண்டாட்டி கூட்டில் உட்கார்ந்திருக்கிற மாதத்தில், குடும்பஸ்தன் வயிற்றில் நீ அடிக்கிறாய்.

காரணம் எனக்குத் தெரியும். அந்த நோட்டீஸ்தானே? அதை நான் உன் அப்பாவுக்கென்று எழுதவில்லை. தெரு முழுக்கத்தான் போட்டேன். ‘மேக்பைகள் பின்னாலிருந்து தலையில் தாக்கும் பருவம் தொடங்கிவிட்டதால், வாட்டில் தெருவில் நடமாடும் அனைவரும் ஐஸ்கிரீம் டப்பாவைத் தலையில் கவிழ்த்துக்கொள்ள வேண்டும். டப்பாவின் பின்பக்கம் இரண்டு கண்கள் வரைந்திருக்க வேண்டும். இமைகளும் இருத்தல் நலம்.’ நான் செய்து அடித்த நகராட்சி முத்திரைகூடக் கோணலாகத்தான் விழுந்திருந்தது. மற்றவர்கள் டப்பாவோடு நிறுத்திக்கொண்டார்கள். உன் அப்பா இமை வரைந்தார். அந்த நேரம் பார்த்துப் பத்திரிகைக்காரன் கேமராவோடு அந்தப் பக்கம் வந்தால் அது என் குற்றமா? பள்ளிக்கூடத்தில் என்னை விலக்கி வைத்தார்கள், அம்மா என்னை அப்பாவிடம் நாடு கடத்தினாள். போதாதா? ஒரு பறவை பட்டினி கிடந்தும் கணக்குத் தீர்க்க வேண்டுமா?

கொத்துகிறவனுக்குக் கொத்துக்கறி. காலையில் ஒரு பிடி. அவ்வளவுதான். உன் குடும்பப் பெயரே கரம். அந்தக் கரத்தைக் கொஞ்சம் நீட்டினால் என்ன?

மார்னி

*

வாட்டில் தெரு
ஆகஸ்ட் 13

மார்னி,

என் பெயர் எலியாஸ்.

உன் கடிதத்தில் மன்னிப்பு என்ற சொல் எங்காவது இருக்கிறதா என்று தேடினேன். ‘மாமூல்’ இருந்தது. ‘கோணல்’ இருந்தது. அது இல்லை.

அப்பாவின் டயர் கடைக்கு வருகிற ஒவ்வொருவரும் “என்ன நசீப், இன்னிக்கு டப்பா இல்லையா?” என்று கேட்கிறார்கள். பத்திரிகையில் வந்த அந்தப் படத்தை வெட்டி யாரோ கடைக் கதவில் ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். அப்பா நகத்தால் சுரண்டி எடுத்தார். நீ அவரை ஏமாளி என்று நினைக்கிறாய். லெபனானிலிருந்து சிறுவனாக இங்கே வந்த நாளிலிருந்து, முத்திரை போட்ட காகிதம் எது வந்தாலும் அவர் எழுந்து நின்று படிப்பார். அவருடைய அப்பாவும் அப்படித்தானாம். அங்கே முத்திரையுள்ள காகிதத்தைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு என்ன நடந்தது என்று அவர்கள் இருவருக்கும் தெரியும். அதனால்தான் இமை வரைந்தார். சொன்னதைச் சரியாகச் செய்ய வேண்டும் என்று. இப்போது மாலையில் தெருவில் நடப்பதை நிறுத்திவிட்டார்.

ஆகவே உன் வேலிக் கம்பத்தில் நான் எதையும் வைக்க மாட்டேன்.

இன்னொன்று. நீ வருத்தப்படுவாய் என்று இத்தனை நாள் சொல்லவில்லை. இப்போது நீ வருத்தப்படுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அந்தப் பறவை உன்னுடையது அல்ல. பட்டினியும் கிடக்கவில்லை. அவன் பெயர் ஹபீபி. எங்கள் பாஷையில் ‘என் செல்லம்’. நீ அவனுக்குப் பெயர் வைப்பதற்கு முன்பிருந்தே என் அம்மா எங்கள் கொல்லைப்புறச் சுவரில் ஆட்டுக் கொத்துக்கறி வைக்கிறாள், மசாலா சேர்ப்பதற்கு முன் தனியாக எடுத்து. உன் வீட்டு மாட்டுக்கறி அவனுக்குக் காலைச் சிற்றுண்டி மட்டுமே.

எலியாஸ் கரம்

*

கல்கூர்லி
ஆகஸ்ட் 20

திருவாளர் எலியாஸ் (எலி அல்ல, எலி அல்ல, எலி அல்ல) கரம் அவர்களுக்கு,

ஹபீபியாம்.

சீருடை போட்ட ஒரு அதிகாரியைச் செல்லம், கண்ணு என்று கொஞ்சுகிற கொடுமையை நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை. உன் அம்மா மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருடைய சமையலைச் சாப்பிட்டவள் யாரும் அவரோடு சண்டைக்குப் போக மாட்டாள். கோபமெல்லாம் உன் மேல். மூன்று வருடம் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, நான் அவனோடு பேசுவதையும், அவன் என் கையிலிருந்து வாங்கித் தின்பதையும், நான் அதை எல்லோரிடமும் பீற்றிக்கொண்டதையும் பார்த்துக்கொண்டு, உள்ளுக்குள் சிரித்திருக்கிறாய். நான் ஒரே நாளில் ஒரு நோட்டீஸ் ஒட்டினேன். நீ மூன்று வருடமாக என் முதுகில் ஒன்றை ஒட்டி வைத்திருக்கிறாய்.

ஆனாலும் நான் நம்பவில்லை. உங்கள் வீட்டுக்கு வருவது பின்தெருப் பறவையாக இருக்கும். உன் கண்ணுக்கு எல்லா மேக்பையும் ஒன்றுதான். கான்ஸ்டபிளுக்கு இடது காலில் பின்விரல் கிடையாது. போய்ப் பார். பார்த்துவிட்டு, பணிவோடு பதில் எழுது.

இங்கே தெரு முழுக்கச் சிவப்பு மண். அப்பா சுரங்கத்திலிருந்து வந்து, டின்னைத் திறந்து, அவரையைச் சூடு பண்ணி, “நல்லாருக்கா?” என்று கேட்கிறார். நான் “நல்லாருக்கு” என்கிறேன். சாப்பாட்டு நேரத்தில் நாங்கள் பேசிக்கொள்வது அவ்வளவுதான்.

உன் அப்பாவைப் பற்றி நீ எழுதியதை ஒரு தடவை படித்தேன். இரண்டாம் தடவை படிக்கவில்லை.

மார்னி

*

வாட்டில் தெரு
செப்டம்பர் 1

மார்னி,

இடது காலில் பின்விரல் இல்லை. அவனேதான்.

நீ கேட்டதால் அவன் காலைப் பார்த்தேன். காலைப் பார்த்ததால் அவன் எங்கே போகிறான் என்றும் பார்த்தேன். எங்கள் சுவரிலிருந்து நேராக டெஸ் மூனியின் வராந்தாவுக்குப் போனான். பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற டெஸ் எல்லோரையும் திட்டுவார் அல்லவா? அவர் ஒரு சாஸேஜைப் பிய்த்துத் தூக்கிப் போட்டு, “வாடா மொதலாளி” என்றார். அங்கிருந்து பியானோ டீச்சர் மிஸ் லவ்டே வீடு. அங்கே அவன் பெயர் மேஸ்ட்ரோ. ஒரு பாட்டுப் பாடினால் ஒரு கரண்டி கொத்துக்கறி. எங்கள் வீட்டில் பாடாமலே தின்கிறவன் அங்கே கழுத்தை நீட்டிப் பாடுகிறான். நான்கு வீடு, நான்கு பெயர். ஒவ்வொருவரும் அவன் தங்களிடம் மட்டுமே வருகிறான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதைச் சொல்லி உன்னைச் சீண்ட நினைத்திருந்தேன். இப்போது அந்த எண்ணம் இல்லை.

வியாழக்கிழமை, அவன் கூடு இருக்கிற மூலை யூக்கலிப்டஸ் அடியில் ஒரு குஞ்சு கிடந்தது. இறகு முளைத்துவிட்டது. பறக்கிற வயது. ஆனால் நிற்க முடியவில்லை. இரண்டு காலும் உள்பக்கமாக வளைந்து, நெஞ்சால் தரையில் நகர்ந்துகொண்டிருந்தது. அடிபட்ட பறவைகளை வீட்டில் வைத்துப் பார்க்கிற க்வெண்டாவுக்குச் சொன்னோம். அவர் வந்து அதைக் கையில் எடுத்து, விரலால் ஒரு தடவை தடவினார். அவ்வளவுதான். நிமிர்ந்து பார்த்து, “இந்தத் தெருவுல கொத்துக்கறி வைக்கிறது யாரு?” என்று கேட்டார்.

வெறும் இறைச்சியில் எலும்புக்கு வேண்டிய சத்து இல்லையாம். கொஞ்சம் தின்றால் பெரியவர்கள் தாங்கிக்கொள்வார்கள். ஆனால் அப்பன் சுலபமாகக் கிடைப்பதை வாயில் அள்ளிக்கொண்டு போய்க் குஞ்சுக்கு ஊட்டுகிறான். மண்ணைக் கிளறிப் புழு தேடுவதில்லை. குஞ்சு ஆளாக வளர்கிறது, எலும்பு வளர்வதில்லை.

அம்மா கோபப்பட்டாள். “நான் ஒரு சிட்டிகைதான் வெச்சேன். எங்க வீட்ல வந்தவங்களுக்குச் சாப்பாடு போடாம அனுப்பினதில்ல. சாப்பாடு யாரையாவது கொல்லுமா?” என்றாள். கொத்தல் தாங்காமல் ஜன்னல் வழியே கறி போட ஆரம்பித்திருக்கிற உன் அம்மாவும், டெஸ்ஸும் சிட்டிகைதான் என்றார்கள். மிஸ் லவ்டேயும் அதே சொல்லைத்தான் சொன்னார். நான்கு வீட்டுச் சிட்டிகை சேர்ந்தால் ஒரு பறவைக்கு மூன்று வேளைச் சாப்பாடு.

கூட்டில் இன்னொரு குஞ்சு இருக்கிறது. தாமதமாகப் பொரித்ததாம். உடனே எல்லோரும் நிறுத்தினால் அதன் கால் தப்பலாம் என்கிறார் க்வெண்டா.

இதையெல்லாம் எழுதி, அச்சடித்து, ஒவ்வொரு வீட்டுத் தபால் பெட்டியிலும் போட்டேன். என்ன நடந்தது தெரியுமா? டெஸ் அந்தக் காகிதத்தைச் சுருட்டிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார். “உன் சிநேகிதி தபால்ல அனுப்பினாளாடா? இந்தத் தடவ தலையில எத கவுத்துக்கணும்?” என்று கேட்டார். மிஸ் லவ்டே சிரித்துவிட்டு, பியானோ ஸ்டூலின் ஆட்டத்தை நிறுத்த அதை மடித்து வைத்துக்கொண்டார். அவரவர் சிட்டிகை அவரவர் சுவரில் தொடர்கிறது. இந்தத் தெருவில் இனி எந்தக் காகிதத்தையும் யாரும் நம்ப மாட்டார்கள், மார்னி. அதற்குக் காரணம் நீ.

எலியாஸ்

*

கல்கூர்லி
செப்டம்பர் 8 (விரைவுத் தபால். அப்பாவின் செலவு.)

எலியாஸ்,

முதலில் உன் கடிதத்தைக் கசக்கி எறிந்தேன். பிறகு எடுத்து நீவினேன். நீவும்போதே ஒரு பதில் எழுதினேன். அதில் உன் அம்மாவின் ஆட்டுக்கறியில் கொழுப்பு அதிகம், டெஸ்ஸின் சாஸேஜில் இறைச்சியே கிடையாது, மிஸ் லவ்டே பறவையைப் பாட வைத்துச் சோறு போடுகிறவர், என்னுடையது மட்டும் கசாப்புக் கடையில் முதல் தரம் என்று கேட்டு வாங்கியது என்று இருந்தது. இரண்டு பக்கம். நல்ல பகடிகூட இரண்டு விழுந்தது. அதை அனுப்பவில்லை.

யாருமே சொல்லவில்லையே, எலியாஸ். அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டால் நோட்டீஸ், குப்பைத் தொட்டி ஒரு நாள் வெளியே நின்றால் நோட்டீஸ், நாய் குரைத்தால் நோட்டீஸ். இதற்கு ஒரு நோட்டீஸ் கிடையாதா? கசாப்புக் கடைக்காரர் “உன் போலீஸ்காரனுக்கா?” என்று கேட்டு ஒரு பிடி கூடவே போட்டுக் கொடுப்பார். என் பிடியே பெரியது.

அம்மாவிடம் போனில் சொல்லிவிட்டேன். நான் அழுததால் நம்பிவிட்டாள். நம்ப வைப்பதற்கென்று அழவில்லை. எங்கள் ஜன்னல் இனி திறக்காது. உங்கள் வீட்டுக்கும் அழைத்தேன். உன் அப்பா எடுத்தார். “ஹலோ, யாரு?” என்று இரண்டு தடவை கேட்டார். வைத்துவிட்டேன். அது நான்தான் என்று அவரிடம் சொல்லாதே.

இனி காகிதத்தை விடு. நான்தான் அதைக் கெடுத்தேன் என்றால் கெடுத்தேன். அந்தக் குஞ்சு இன்னும் க்வெண்டாவிடம் இருக்கிறதா? அதைத் தெருக்காரர்கள் கண்ணால் பார்த்தார்களா? நீயும் அவரும்தானே பார்த்தீர்கள்? ஒரு பெட்டியில் வைத்து ஒவ்வொரு வாசலுக்கும் எடுத்துக்கொண்டு போ. பேசாதே. நீ பேசினால் தலைமை ஆசிரியர் மாதிரி இருக்கும், கேட்கிறவனுக்கு எதிர்த்துச் செய்யத் தோன்றும். மூடியைத் திற. அவர்களே பார்க்கட்டும்.

முதலில் உன் அம்மாவிடம் காட்டு. அவர் நிறுத்தினால்தான் மற்றவர்கள் நிறுத்துவார்கள்.

மார்னி

*

வாட்டில் தெரு
செப்டம்பர் 14

மார்னி,

நீ சொன்னபடியே செய்தேன். ஒரு இடத்தில் மட்டும் மாறிவிட்டது.

சனிக்கிழமை க்வெண்டா அட்டைப் பெட்டியோடு வந்தார். பறவையைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போவதெல்லாம் தனக்குப் பிடிக்காது, ஆனால் இந்தத் தெருக்காரர்களுக்கு வேறு வழி இல்லை என்று முணுமுணுத்தார். அம்மா முன்னால் பெட்டியைத் திறந்தோம். குஞ்சு அவளைப் பார்த்ததும் வாயைத் திறந்து கத்தியது. எழுந்து அவளிடம் வரப் பார்த்தது. கால் மடங்கி ஒரு பக்கமாகச் சரிந்தது. மறுபடி எழப் பார்த்தது. அம்மா உள்ளே போய், ஹபீபிக்கென்று வைத்திருந்த தட்டைக் கழுவி, மற்ற தட்டுகளோடு சேர்த்துக் கவிழ்த்துவிட்டு வந்தாள். “எவ்ளோ ஆசையா வாயத் தொறக்குது பாரு” என்று மட்டும் சொன்னாள்.

மாறிப்போனது இதுதான். பெட்டியை நான் தூக்கப் போனபோது அப்பா வாங்கிக்கொண்டார். ஒரு மாதத்துக்கு மேலாகத் தெருவில் நடக்காதவர். நான் பின்னால் போனேன்.

டெஸ் எங்களைப் பார்த்ததுமே சிரித்தார். “என்ன நசீப், டப்பாவக் கையில எடுத்துட்டியா?” அப்பா மூடியை எடுத்தார். டெஸ் குனிந்து பார்த்தார். வெகுநேரம் நிமிரவில்லை. அப்புறம், “இது மொதலாளி புள்ளையா?” என்றார். மிஸ் லவ்டே வெளியே வந்து, “மொதலாளியா? யாரது? அது மேஸ்ட்ரோ” என்றார். அம்மா வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, அவன் ஹபீபி என்றாள். உன் அம்மா இரவு உடுப்போடு ஓடி வந்து, மார்னியின் கான்ஸ்டபிள் என்றாள். அப்புறம் நடந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். என் பறவைக்கு நீ எப்படிச் சோறு போடலாம், என்னிடம் தின்றுவிட்டா உன்னிடம் வந்தான், இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்தாயா என்று நான்கு வீடும் தெருவில் நின்று கத்தின. மிஸ் லவ்டே டெஸ்ஸைப் பார்த்து “சாஸேஜ்” என்ற ஒற்றைச் சொல்லை எப்படிச் சொன்னார் என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. க்வெண்டாதான், “சண்டைய அப்புறம் வெச்சுக்குங்க. நாளைக்குக் காலைல யார் கறி வைக்கப் போறீங்க? அத மட்டும் சொல்லுங்க” என்றார். ஒவ்வொருவராக வீட்டுக்குள் போனார்கள்.

அந்தக் குஞ்சை அன்று மாலையே மருத்துவர் ஊசி போட்டு ஒரேயடியாகத் தூங்க வைத்துவிட்டார். அதன் எலும்பு இனி நேராகாது, வலி மட்டும்தான் என்றார்கள். அதற்கு நான் பெயர் வைக்கவில்லை. இந்தத் தெருவில் போதுமான பெயர்கள் இருக்கின்றன.

அடுத்த நாளிலிருந்து அவன் எல்லோரையும் அடிக்கிறான். நான்கு வீட்டுக்கும் வருகிறான், பார்க்கிறான், ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் மேலே போய்த் திரும்பித் தலைக்கு வருகிறான். அம்மா துணி உலர்த்தக் குடை பிடிக்கிறாள். மாமூல் நின்றதால் கான்ஸ்டபிள் தெருவையே கைது செய்துவிட்டான். இது நான் எழுதிய முதல் பகடி. பழக்கமாக்கிக்கொள்ள மாட்டேன்.

இரண்டாவது குஞ்சு இன்னும் இறங்கவில்லை. அது நிற்குமா என்று யாருக்கும் தெரியாது.

எலியாஸ்

பி.கு.: பேசாமல் போனை வைத்தது நீதான் என்று அப்பாவுக்குத் தெரியும். நான் சொல்லவில்லை.

*

பக்கத்து வீடு
செப்டம்பர் 26

எலியாஸ்,

நேற்றுத்தான் வந்தேன். நீ மாமா வீட்டுக்குப் போயிருக்கிறாய், ஞாயிறு வருவாய் என்றாள் உன் அம்மா. போன் கைக்குத் திரும்பிவிட்டது. ஆனாலும் இதை உன் தபால் பெட்டியில்தான் போடுகிறேன். சில விஷயங்களைக் கட்டைவிரலால் தட்ட முடியாது.

காலையில் முதல் வேலையாக உன் அப்பா கடைக்குப் போனேன். ஒரு லாரிக்கு அடியில் படுத்திருந்தார். கால் மட்டும் தெரிந்தது. அதுவும் நல்லதுதான். முகத்தைப் பார்த்திருந்தால் ஏதாவது வேடிக்கையாகப் பேசித் தப்பித்திருப்பேன். அந்தக் காலைப் பார்த்து, “அந்த நோட்டீஸ் போட்டது தப்புதான், மன்னிச்சிடுங்க” என்றேன். ஸ்பேனர் சத்தம் நின்றது. அடியிலிருந்து குரல் வந்தது. “முத்திர கோணலா இருந்தத நான் பாத்தேம்மா. யாரோ பாவம் அவசரத்துல அடிச்சிருக்காங்கன்னு நெனச்சேன்.” பிறகு ஸ்பேனர் மறுபடி சுற்ற ஆரம்பித்தது. மன்னித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. திரும்பிக் கேட்கவும் தைரியம் வரவில்லை.

அங்கிருந்து வீட்டுக்கு வந்து வேலிக்குப் போனேன்.

கான்ஸ்டபிள் என்னைக் கண்டதும் வந்து கம்பத்தில் உட்கார்ந்தான். மற்றவர்களை அடிக்கிறானே, என்னை அடையாளம் தெரியும், என்னிடம் அப்படி இருக்க மாட்டான் என்று நினைத்தேன். இறகைச் சிலிர்த்துக்கொண்டு, எனக்கு மட்டும் என்று நான் நம்பியிருந்த அந்தச் சின்னக் குரலில் இரண்டு வரி பாடினான். என் கையைப் பார்த்தான். இரண்டு கையும் ஸ்வெட்டரின் வயிற்றுப் பைக்குள் இருந்தன. உள்ளே விரல்களை ஒன்றோடொன்று பின்னிப் பிடித்துக்கொண்டிருந்தேன். இன்னொரு தடவை பாடினான். அப்புறம் எழும்பிப் போய் என் காதுக்கு மேலே ஒரு கொத்து. ரத்தம், எலியாஸ். மூன்று வருடப் பழக்கம். ஒரு வார்த்தை விளக்கம் கேட்டானா? கல்கூர்லியில் சிவப்பு மண்ணைத் தின்றுகொண்டு இவனுக்காக நான் சண்டை போட்டேனே, அதில் ஒரு வரியாவது இவனுக்குத் தெரியுமா? நன்றி கெட்டவன். ஊழல் பேர்வழி. பிளாஸ்டரை ஒட்டிக்கொண்டு, கண்ணாடி முன் நின்று அவனைத் திட்டித் தீர்த்தேன்.

சாயங்காலம் மறுபடி வேலிக்குப் போனேன். எதற்கு என்று கேட்காதே. மிஸ் லவ்டேயின் புல்தரையில் அவன் மண்ணைக் குத்திக் கிளறிக்கொண்டிருந்தான். உழைக்கத் தெரியாதவன் மாதிரி, எரிச்சலோடு, அங்கே ஒரு குத்து இங்கே ஒரு குத்து. பின்னாலேயே சாம்பல் நிறத்தில் அந்த இரண்டாவது குஞ்சு, விடாமல் கத்திக்கொண்டு வந்தது. ஒரு கொழுத்த வெள்ளைப் புழுவை இழுத்து அதன் வாயில் திணித்தான். விழுங்கிவிட்டு மறுபடியும் கத்தியது. அதன் இடது கால் லேசாக உள்ளே திரும்பியிருக்கிறது. கவனித்துப் பார்த்தால்தான் தெரியும். நான் கவனித்துப் பார்த்தேன்.

என்னைக் கண்டதும் அவன் நேராக வேலிக்கு வந்தான். கம்பத்தைப் பார்த்தான். என் கையைப் பார்த்தான். நான் பையிலிருந்து கையை எடுக்கவில்லை. இந்தத் தடவை பாடவில்லை. நேராக மேலே போனான். குனியலாம் என்று தோன்றியது. குனிந்தால் குஞ்சு தெரியாது. அதனால் நிமிர்ந்தே நின்றேன். அவன் அடித்துவிட்டுப் போன பிறகும் அது அங்கேயே நின்று, அடுத்த புழு எங்கே என்று அவனைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தது.

மார்னி